வெண்மணலுக்கு அப்பால்

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான குவாதலூப், 1946 முதல் பிரான்ஸ் தேசத்தின் மாகாணங்களில் ஒன்றாக இருந்து வருகிறது. அதன் தென்கரையில் உள்ள ஸேந்த் ஆன் என்னும் ஊருக்கு, பனிக்காலத்தில் வெயிலை நாடிப் பிரெஞ்சுக்காரர் திரளாக வருகிறார்கள். பவளப் பாறைகள் அலைகளைத் தடுத்து நிறுத்துவதால் அங்கே கடல் குளம்போல் அமைதியாயிருக்கும். வெண்மணலுக்கும் தென்னை நிழலுக்கும் குறைவில்லை.

அவ்வூரில் பசித்தவருக்குக் கிடைக்கும் பதார்த்தங்களில் 'கொலம்போ' என்பது ஒன்று. மஞ்சள், கொத்தமல்லி, சீரகம் சேர்த்துச் சமைத்த கோழிக்கறி அது! இந்த மசாலை அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேளாமல் திரும்புகிறவர் பாதித் தீவைத்தான் பார்த்தவராவார் என்பது நமது அபிப்பிராயம்.

1848-ல் அடிமைத்தனம் ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய எஜமானர்களிடம் வேலைசெய்ய விரும்பவில்லை. கரும்புத் தோட்ட முதலாளிகள் இந்தியாவின்மேல் கண் வைத்தார்கள். 1854 டிசம்பர் 24-ந் தேதி 'ஒரேலி' என்னும் கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கிற்று. 1889-க்குள் அவ்விதம் சென்றவர்கள் 40,000-க்கு மேல். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் அவர்களில் அநேகர். தாய்நாடு திரும்பியவர்களோ சிறு பகுதியினரே.

ஆகையால், கடற்கரையில் இரண்டு நாள் தங்குகிறவர்கள் மூன்றாம் நாள் மேற்கே கப்பெஸ்தேருக்குச் செல்வது நலம். உப்பாற்றுக் கால்வாயைத் தாண்டியதும் சமவெளி மறைந்து, 1,467 மீட்டர் உயரமுள்ள ஸூஃப்ரியேர் எரிமலையின் பிரதேசம் தொடங்கும். அதன் சரிவில் கார்பே ஆறு மூன்று அருவிகளாக விழுகிறது. இரண்டாவது அருவியின் உயரம் 110 மீட்டர். அருவியைக் கண்டு திரும்பும்போது ஷாங்ஜியில் வர்ணச் சிலைகள் நிறைந்த கோயிலையும் காணலாம். அங்கே கொலுவிருப்பவள் நம் மாரியம்மனே!

கப்பெஸ்தேரில் 1863-ல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். தீவிலேயே பிறந்த இந்திய வம்சத்தாருக்கும் வோட்டுரிமை மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் 1904-ல் வழக்காடத் தொடங்கினார். வெற்றி கிட்டியது 1923-ல். பத்தொன்பது வருஷம் ஒரு மனிதர் சளைக்காமல் போராடியதன் பயனாக, கூலிகளின் மக்கள் பிரஜைகளானார்கள்.

இன்று அவர்கள் சந்ததியாரிடையே தமிழ் பேசுவோர் மிக அரிது. பெயர்களும், அம்மனும், மசாலையும் மிஞ்சியிருக்கின்றன. வெண்மணலைக் காணப் போகிறவர்கள் அக்கோயில் வாசலிலும் ஒரு நாழிகை நிற்பார்களாக.