வரைபடத்தில் சேரி எங்கே?

உலக வரலாற்றை இப்போது கைப்பேசியிலேயே நகர்த்திப் பார்க்கலாம். திரையின் கீழே ஒரு காலக்கோடு இருக்கும். அதை விரலால் இழுத்தால் நூற்றாண்டுகள் ஓடும், பேரரசுகள் நிறம் நிறமாக விரிந்து சுருங்கும். ரோம் மத்தியதரைக் கடலைச் சுற்றி வளைக்கும். மங்கோலியர் ஆசியாவை நிரப்புவார்கள். பிரிட்டன் உலகின் கால்பங்கை விழுங்கும். மன்னர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் மனப்பாடம் செய்து சலித்துப்போன மாணவர்களை இது ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த நிறம் எதைக் காட்டுகிறது, எதை மூடுகிறது என்று கேட்காமல் பார்த்தால், பழைய மன்னர் வரலாற்றையே புதிய திரையில் மனப்பாடம் செய்கிறோம் என்றுதான் பொருள்.

காலக்கோட்டை 1025ஆம் ஆண்டில் நிறுத்துங்கள். ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்த ஆண்டு அது. பல வரைபடங்களில் சோழர் நிறம் தஞ்சையிலிருந்து கிளம்பிக் கடல் தாண்டிப் போகும். அந்தப் படத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு 'ஆண்ட பரம்பரை' என்று மார்தட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். அந்த ஒரே நிறத்துக்குள் ஊரும் சேரியும் எங்கே பிரிந்திருந்தன? திரை சொல்லாது. கல் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கை எழுதும்போது, வரி நீக்கிய இடங்களின் பட்டியலில் ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் குறிக்கின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அவற்றில் உண்டு. அரசன் தன் கணக்கில் ஒளிக்காத பிரிவினையை, ஆயிரம் ஆண்டு கழித்து வரைபடம் ஒரே சாயத்தில் மூடிவிடுகிறது.

"வரைபடத்திலும் சாதியைக் கொண்டுவர வேண்டுமா?" என்று உடனே கேட்பார்கள். நாம் கொண்டுவரவில்லை. தெருவில், குடிநீர்க் குழாயில், சுடுகாட்டுப் பாதையில் அது ஏற்கெனவே வரையப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டை மறைப்பது நடுநிலை ஆகாது. ஆதிக்கத்தின் பக்கம் நிற்பது அது.

அப்படியென்றால் இந்தத் தொழில்நுட்பத்தையே ஒதுக்கிவிடலாமா? கூடாது. இதே கருவியை உலகின் வேறு ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றுக்காகப் பயன்படுத்தியிருப்பதைப் பாருங்கள்.

'ஸ்லேவ் வாயேஜஸ்' என்ற தரவுத்தளம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அட்லாண்டிக் கடலில் கடத்திய 36,000-க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்களைத் தொகுத்திருக்கிறது. அதன் வரைபடத்தில் ஒவ்வொரு கப்பலும் ஒரு புள்ளியாக நகர்கிறது. ஏறத்தாழ 1.25 கோடிப் பேர் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். கரை இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. இடையில் குறையும் 18 லட்சம் பேரும் நடுக்கடலில் மாண்டவர்கள். அடிமை முறை என்றதும் அமெரிக்கா மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வட அமெரிக்க நிலப்பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்கு மட்டும் 45 லட்சத்துக்கும் மேல். நூறு பக்கம் படித்தாலும் பதியாத இந்த உண்மை, தென்னமெரிக்கக் கரையில் புள்ளிகள் குவிவதைப் பார்த்த நொடியில் பதிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் வரைபடம் இன்னொன்று. 1930களில் அந்நாட்டு அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களின் குடியிருப்புகளைத் தரம் பிரித்தது. பச்சை என்றால் சிறந்தது, சிவப்பு என்றால் அபாயகரமானது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் அநேகமாக எல்லாமே சிவப்பு. அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதையே ஒரு குறையாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். அன்று சிவப்புச் சாயம் பூசப்பட்ட தெருக்களில் இன்றும் மரம் குறைவு, வெயில் அதிகம் என்பதை நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். சேரிக்கு என்ன நிறம் பூசியிருப்பார்கள் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாய்வாளர் லின்டால் ரையன் தலைமையில் உருவாகி 2017இல் வெளியான படுகொலை வரைபடம். 1788 முதல் 1930 வரை ஒரே நிகழ்வில் ஆறு பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்ட இடங்களை அது பதிவு செய்கிறது. 400-க்கும் மேற்பட்ட இடங்கள், பெரும்பாலும் பழங்குடி மக்கள் கொல்லப்பட்டவை. ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் சான்று இருக்கிறது, அந்தச் சான்று எவ்வளவு வலுவானது என்ற குறிப்பும் இருக்கிறது. கொலைக்களங்களைப் பாதுகாக்க, சரியான இடத்தை வேண்டுமென்றே சற்று மங்கலாக்கியும் வைத்திருக்கிறார்கள்.

இம்மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். கப்பல் முதலாளியின் கணக்கு, கடன் அதிகாரியின் குறிப்பு, குடியேறியவர்களின் கடிதமும் நாட்குறிப்பும் என்று ஆதிக்கம் தன் வசதிக்காக எழுதி வைத்த பதிவுகளே அதற்கு எதிரான சாட்சியாகத் திருப்பப்பட்டிருக்கின்றன. இந்த வேலைக்குக் கணினி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று காட்டியவர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ். பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாகப் போய் விவரம் சேகரித்து, 1899இல் வரைபடத்தோடு நூலாக்கினார். அந்த டுபாய்ஸுக்குத்தான் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் படியைக் கேட்டார். அவர்களின் ஆவணத்திலிருந்து நம் போராட்டத்துக்குக் கற்றுக்கொள்ளும் வழியை அவர் அன்றே காட்டிவிட்டார்.

நமக்கான பதிவுகளும் அரசு அலுவலகங்களில் கிடக்கின்றன. செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதில் நம் மக்கள் கையில் இருப்பது எவ்வளவு? 1994இல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். உயிர் கொடுத்துக் கேட்ட அந்தக் கேள்விக்குப் புல எண் வாரியாகப் பதில் வேண்டும். 'ஏ' பதிவேடு, கிராம வரைபடம், நிலஅளவைப் புத்தகம் ஆகியவற்றை ஒப்பிட்டால், எந்த நிலம் யாருக்கு ஒதுக்கப்பட்டது, இன்று யார் பெயரில் பட்டா இருக்கிறது என்பதை ஒரு திரையில் வைக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வரைபடம் செய்யும் இலவச மென்பொருளும் இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. வரைபடம் எதிரியின் கையிலும் போகும். வன்கொடுமைக்கு உள்ளானவர்களின் வீட்டையும் சாட்சிகளின் இருப்பிடத்தையும் புள்ளி வைக்கக் கூடாது. நாம் வரைய வேண்டியது பறிக்கப்பட்ட நிலத்தையும் செய்யப்பட்ட குற்றத்தையும்தான். ஆஸ்திரேலியர்கள் இடத்தை மங்கலாக்கியதிலும், சான்றின் வலுவை ஒளிக்காமல் சொன்னதிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. சான்றில்லாத ஒரு புள்ளி போதும், மற்ற நூறு புள்ளிகளையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள்.

சமூகவியல், வரலாறு, கணினி படிக்கும் தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் கிராமத்தின் 'ஏ' பதிவேட்டுக்கு விண்ணப்பம் போடுங்கள். ஒரே ஒரு கிராமம், ஒரே ஒரு வரைபடம். மன்னர்களுக்கு நிறம் தீட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் நிலத்துக்குப் புல எண் எழுத நாம்தான் இருக்கிறோம்.