ஏரிக்கரையில் ஒரு நாள்

இப்பள்ளியின் பழைய மாணவியர் சிலராகிய நாங்கள், அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் ஏரிக்கரையிலுள்ள மேக்னசன் பூங்காவுக்குப் பிள்ளைகளுடன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சென்றோம். முன்னாளில் அது கடற்படை விமானத்தளம். விமானத்தில் முதன்முதல் உலகைச் சுற்றியவர்கள் 1924இல் புறப்பட்டதும் திரும்பியதும் அங்கேதான்.

புல்வெளியில் திமிங்கிலக் கூட்டம் நீந்துவதுபோல் முதுகுத் துடுப்புகள் தெரிந்தன. பிள்ளைகள் ஓடிப்போய்த் தொட்டார்கள். உண்மையில் அவை நீர்மூழ்கிப் போர்க்கப்பல்கள் ஆழத்தில் இறங்கவும் எழவும் உதவிய எஃகுச் சிறகுகள். 1998இல் சிற்பமாக நாட்டப்பட்டவை. வாள் கலப்பையாகும் என்ற எசாயா இறைவாக்கினரின் கனவையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

“விளையாடும் பிள்ளைகளிடம் போர்க்கதை எதற்கு?” என்றாள் எங்களுள் ஒருத்தி. சொல்லத்தான் வேண்டும் என்பது எங்கள் கருத்து. வாளை அறியாத பிள்ளைக்குக் கலப்பையின் அருமை எப்படித் தெரியும்? சொன்னோம். “அப்படியானால் மற்றக் கப்பல்களை எப்போது இங்கே நடுவார்கள்?” என்று கேட்டான் கடைக்குட்டி. எங்களால் பதில் சொல்ல இயலவில்லை.