குருதியை எண்ணும் கணக்குப்பிள்ளைகள்

வீடியோ விளையாட்டுகளுக்காகப் பெற்றோருக்கென எழுதப்படும் வழிகாட்டிகளை வாசிக்கும்போதெல்லாம் எழும் ஐயம் ஒன்றுண்டு. இவற்றை எழுதுவோர் கதையைக் கவனிக்கிறார்களா, எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறார்களா? எத்தனை தலை உருண்டது, எத்தனை வசைச்சொல் ஒலித்தது, எங்கே ஆடை விலகியது. கணக்கு முடிந்ததும் ஒரு வயது வரம்பு. அத்துடன் கடமையும் முடிந்துவிடுகிறது.

2020இல் அமெரிக்காவின் சக்கர் பஞ்ச் நிறுவனம் உருவாக்கிய 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வை எடுத்துக்கொள்வோம். சாமுராய் ஒருவனின் வாட்போர்க் கதை. 1994 முதல் இயங்கிவரும் ஈஎஸ்ஆர்பி என்ற தரநிர்ணய அமைப்பு இதற்கு 'எம்' முத்திரை வழங்கியது. அதாவது, 17 வயது நிரம்பியவர்களுக்கு உரியது. முத்திரையில் பிழையில்லை. தெறிக்கும் குருதி பத்து வயதுப் பிள்ளை பார்க்க வேண்டியதன்று. என் வழக்கு, முத்திரை காணாமல் விடுவதைப் பற்றியது.

கதை நிகழும் ஆண்டு 1274. மங்கோலியப் படை ஜப்பானின் சுஷிமா தீவில் இறங்குகிறது. நேருக்கு நேர் நின்று பொருதுவதே வீரனுக்கு அழகு என்கிறார் நாயகன் ஜின்னின் மாமன் ஷிமுரா. ஜின்னோ மறைந்திருந்து கொல்கிறான், நஞ்சிடுகிறான். அதே நஞ்சை எதிரியும் கற்றுக்கொண்டு தீவு மக்கள்மேல் ஏவுகிறான். மண்ணைக் காக்க நெறியை மீறலாமா, மீறினால் விலை கொடுப்பது யார்? இறுதியில் மாமனைக் கொல்வதா விடுவதா என்ற முடிவு ஆடுபவர் கையில். இதை எந்தக் கட்டத்தில் எண்ணி நிரப்புவது?

இன்னொன்றும் உண்டு. திரையில் வழியும் குருதி பொய்யென்று பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அந்த நெறி 1274க்கு உரியதன்று என்பது தெரியாது. 13ஆம் நூற்றாண்டின் சாமுராய் முதன்மையாகக் குதிரைமேல் வில்லேந்தியவன். 'புஷிதோ' என்று இன்று உலகறிந்த ஒழுக்கக்கோவை பெரிதும் 17ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய ஆக்கம். 1900ஐ ஒட்டி நிதோபே இனாசோ ஆங்கிலத்தில் எழுதிய நூலே அதை உலகெங்கும் கொண்டுசென்றது. 1944இல் இளைஞர்களைத் தற்கொலை விமானங்களில் ஏற்றியவர்கள் அந்நெறியின் பெயரையும் துணைக்கு அழைத்தார்கள். விளையாட்டு அந்நெறியைக் கேள்வி கேட்கிறது, உண்மை. ஆயினும் அது தொன்மையானது என்ற நம்பிக்கையைப் பிள்ளையிடம் விதைத்துவிட்டே கேட்கிறது.

விளையாட்டுதானே, இத்தனை விசாரம் எதற்கு என்பார்கள். 2020 செப்டம்பரில் சுஷிமாவின் வதாட்சுமி ஆலயத் தோரணவாயிலைப் புயல் சாய்த்தது. அதை மீட்க 50 இலட்சம் யென் கேட்டார்கள், 2.7 கோடிக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களில் பெருமளவினர் இவ்விளையாட்டை ஆடியவர்கள். காணாத தீவொன்றின் வாயிலுக்காக மனிதரை இரங்கவைக்கும் கதை, அவர்களை வேறெதை நம்பவைக்கவும் வல்லது.

வழிகாட்டி எழுதுவோர் இனி குருதிக்கு ஒரு வரி ஒதுக்கட்டும். மிச்சப் பக்கத்தில், பிள்ளையுடன் அமர்ந்து பேச வேண்டிய கேள்விகளை எழுதட்டும். பெற்றோரும் முத்திரையைப் பார்த்ததோடு எழுந்துபோகாமல், அந்தக் கடைசிக் காட்சி வரையிலாவது உடனிருக்கட்டும்.