நமக்கா, எங்களுக்கா?

போர் மூண்டுவிட்டால் ஐயம் எழுப்பலாகாது. அரசின் குரலே நாட்டின் குரல் என்று நமக்குப் பாடம் நடத்த வருவோர் உளர். அவர்கள் கைக்கொள்ளும் சான்று 1939-ஆம் ஆண்டுப் பிரிட்டன். “அந்த மக்களைப் பாருங்கள்! முணுமுணுத்தார்களா?” என்பர். முணுமுணுத்தார்கள், தோழர்களே! முணுமுணுத்ததை எழுதியும் வைத்தார்கள்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் பாரோ என்றொரு கப்பல் கட்டும் ஊர். அங்கே நெல்லா லாஸ்ட் என்ற இல்லத்தரசி. தச்சுத் தொழில் செய்தவரின் மனைவி. இரு மைந்தருக்குத் தாய். ஐம்பதை எட்டிய வயது. அன்றாட வாழ்வை உள்ளது உள்ளபடி எழுதி அனுப்புங்கள் என்று ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்னும் அமைப்பு கேட்க, போர் தொடங்கும் வேளையில் ஏறத்தாழ 500 பேர் எழுதலாயினர். அவருள் இவரும் ஒருவர். நம் ஆனந்தரங்கரும் நாட்குறிப்பு எழுதியவர்தாம். ஆனால் அவர் பிரெஞ்சு ஆளுநரின் அருகிருந்தவர். இந்த அம்மையாரின் அருகிருந்ததோ அடுப்பு!

அந்த ஏட்டில் என்ன இருக்கிறது? முதல் மாதங்களிலேயே இளைய மகன் படைக்குப் போகிறான். தாயின் நெஞ்சு பதைக்கிறது. பதைத்த நெஞ்சோடு அவர் மகளிர் தொண்டர் நிலையத்துக்குச் சென்று துணி தைக்கிறார். அச்சமும் சலிப்பும் உழைப்பும் ஒரே பக்கத்தில்! அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தவரைத் துரோகி என்பீரோ?

அரசு என்ன எழுதியது? “உங்கள் துணிவு, உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி வெற்றியைக் கொண்டுவரும்” என்று சுவரெங்கும் ஒட்டியது. யாருக்கு வெற்றி? ஆங்கிலத்தில் ‘அஸ்’ என்றிருந்தது. அச்சொல் நமக்கு என்றும் பொருள்படும், எங்களுக்கு என்றும் பொருள்படும். தமிழாயிருந்தால் ஒளிந்துகொள்ள இடமிராது! பிரிட்டனின் பாமரர் அதை எப்படிப் படித்தனர்? துணிவு எங்களுடையது, வெற்றி அமைச்சர்களுடையதோ என்று படித்தனர். இதையும் பதிவு செய்தது அதே அமைப்புத்தான். லண்டன்மீது ஒரு குண்டும் விழாத அந்த 1939 செப்டம்பரில், விளக்கணைத்த தெருக்களில் வண்டி மோதி மாண்டோர் முந்திய ஆண்டின் அதே மாதத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. முணுமுணுக்கக் காரணமா இல்லை?

அவர்களையாவது சுவரொட்டி போட்டுக் கெஞ்சினார்கள். இந்தியாவை லின்லித்கோ பிரபு செப்டம்பர் 3-ஆம் நாள், இந்நாட்டுத் தலைவர் எவரையும் கேளாமலே போரில் மாட்டிவைத்தார்.

“அமைதி காத்துப் பணியைத் தொடருங்கள்” என்ற வாசகத்தை இன்று தேநீர்க் கோப்பையிலும் பனியனிலும் அச்சிட்டு விற்கிறார்கள். அந்த மக்கள் அதைப் பார்த்தே வீறுகொண்டனராம்! ஏறத்தாழ 25 லட்சம் படிகள் அடித்த அந்தச் சுவரொட்டி பொதுவில் ஒட்டப்படவே இல்லை எனலாம். பெரும்பாலானவை 1940-இல் கூழாக்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டில் ஒரு பழைய புத்தகக்கடையில் ஒன்று அகப்பட்ட பின்னரே உலகம் அதை அறிந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். 1940-இல் பிரிட்டிஷ் தகவல் அமைச்சகமே ‘மாஸ் அப்சர்வேஷ’னுக்குப் பணம் கொடுத்து, மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று அறிக்கை கேட்டது. ஐயம் துரோகமானால், அந்த அமைச்சகம் ஐயத்தை ஏன் காசு கொடுத்து வாங்கிற்று?

நெல்லா அம்மையார் போர் முடிந்தும் எழுதினார், 1960-களிலும் எழுதினார். கூழாகாத அந்தத் தாள்கள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆவணத் தொகுப்பில் இருக்கின்றன.