சொற்பட்டியல் மனனம் தகுதியாகுமா?

தில்லி முகர்ஜி நகரின் புத்தகக் கடைகளில் பொது அறிவு நூல்களுக்கு இணையாக அடுக்கப்பட்டிருப்பவை ஆங்கிலச் சொல்வள நூல்கள். 1949-இல் அமெரிக்காவில் வெளியான நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் அங்கே விலைபோகிறது.

காரணம் இருக்கிறது. வருமான வரி ஆய்வாளர் உள்ளிட்ட பதவிகளுக்காக மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வின் இரண்டாம் கட்டத்தில், தரவரிசையைத் தீர்மானிக்கும் 390 மதிப்பெண்களில் 135 ஆங்கிலத்துக்கு உரியது. வாசித்து விடையளிக்கும் பகுதியும் அதில் உண்டு. ஆனால், ஒருபொருட் சொல், எதிர்ச்சொல், மரபுத்தொடர், பல சொற்களுக்கு ஒரு சொல் எனச் சொற்பட்டியலை மனனம் செய்தவருக்குச் சாதகமான வினாக்களும் கணிசமாக இடம்பெறுகின்றன. திருமணத்தை வெறுப்பவரை ஆங்கிலத்தில் எவ்வாறு அழைப்பது என்பதை அறிந்தவர், வரிக் கணக்கைச் சரியாக ஆராய்வார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஆங்கிலமே வேண்டாம் என்பதல்ல நமது வாதம். பல மொழிகள் பேசும் நாட்டில் மத்திய அரசு ஊழியருக்கு ஆங்கில அறிவு அவசியம். கோப்பைப் படித்துப் புரிந்துகொள்ளவும், பிழையின்றிக் குறிப்பெழுதவும் தேவையான ஆங்கிலமே அது.

அமெரிக்காவே இதை உணர்ந்துவிட்டது. ஜி.ஆர்.இ. தேர்விலிருந்து 2011-இல் எதிர்ச்சொல் வினாக்கள் நீக்கப்பட்டன. எஸ்.ஏ.டி. தேர்வும் 2016-இல் அரிய சொற்களைக் கைவிட்டு, பத்தியில் ஒரு சொல் எப்பொருளில் ஆளப்படுகிறது என்று கேட்கும் முறைக்கு மாறியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் கைவிட்ட அளவுகோலை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

தமிழக மாணவருக்குச் சுமை இரட்டிப்பு. இந்தி மாணவர் கணிதத்தையும் பொது அறிவையும் தம் மொழியிலேயே படித்து விடையளிக்கிறார். தமிழ் மாணவரோ முழு வினாத்தாளையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வை 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் எழுத மத்திய அரசு அனுமதித்தது. காவலருக்குச் சாத்தியமானது பட்டதாரிக்கு மட்டும் எப்படி அசாத்தியமாகும்?

வினாத்தாள் தமிழிலும் தரப்பட வேண்டும். ஆங்கிலப் பகுதி வாசிப்புத் திறனையும் எழுத்துத் திறனையும் மட்டுமே சோதிக்க வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இந்த இரு கோரிக்கைகளையும் அவையில் எழுப்ப வேண்டும். அரசுக்குத் தேவை திறமையான ஊழியர்கள். நடமாடும் அகராதிகள் அல்ல!