மேடைக்குப் பின்னால் ஒரு வேலைநாள்

ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி என்று வாழும் நமக்குக் கப்பல் புதிதல்ல. ஆயினும் 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தபோது, அதன் மாடிகளையும் மின்விளக்குகளையும் வியந்து பேசினோம். இத்தகைய கப்பல்களில் பயணிகளை மகிழ்விப்பதற்கென்றே உழைக்கும் பணியாளர்களை நாம் நினைக்கவில்லை.

கேளிக்கைப் பிரிவினரின் நாள் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு விளையாட்டு, மேல்தளத்தில் போட்டிகள், பின்னேரம் ஒத்திகை, இரவில் மேடை நிகழ்ச்சி, அதன்பின் கருவிகளை ஒழுங்குபடுத்தல் என்று அது நீளும். ஆபத்து வேளையில் பயணிகளை வழிநடத்துவதும் அவர்களின் கடமையே. பல மாதங்கள் வீடு திரும்ப முடியாது.

"ஆடிப் பாடுவதும் ஒரு வேலையா?" என்று சிலர் கேட்பர். மட்டக்களப்பில் விடிய விடியக் கூத்தாடும் ஒருவரைக் கேட்டால், அது உடலை வருத்தும் உழைப்பு என்பது விளங்கும்.

சர்வதேச தொழில் தாபனத்தின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. ஓய்வு நேரத்தைக் கொண்டு கணக்கிடும் கப்பலில் 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலமும், 7 நாட்களில் 77 மணித்தியாலமும் ஓய்வு தர வேண்டும் என்கிறது அது. கழித்துப் பாருங்கள்: வாரத்தில் 91 மணித்தியாலம் வேலை வாங்க இன்னும் இடமிருக்கிறது! சட்டம் காக்கும் எல்லையே இவ்வளவு கடினமென்றால், சட்டம் தெரியாதவரின் நிலை என்ன?

தேற்றாத்தீவில் வாப்பாவின் கடைக்கு அருகே ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அண்ணா ஒருவர் இருக்கிறார். கப்பலில் ஒலியமைப்பாளர் வேலை எடுத்துத் தருவதாக ஒரு முகவர் அவரிடம் நான்கு இலட்சம் ரூபாய் கேட்டாராம். தாயாரின் நகையை அடகு வைக்க யோசிக்கிறார்கள். ஆனால் அதே சமவாயத்தின்படி, வேலை தேடித் தருவதற்காகக் கப்பல் ஊழியரிடம் கட்டணம் அறவிடக் கூடாது. கடவுச்சீட்டு, மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் பதிவேடு ஆகியவற்றின் செலவு மட்டுமே அவருடையது. விசாச் செலவு கூடக் கப்பல் உரிமையாளருடையது. இதை நான் வாப்பா மூலம் அவருக்குச் சொல்லியனுப்பினேன்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குப் போகலாமா, கூடாதா என்பதில் பெற்றோரிடையே வெவ்வேறு கருத்துகள் இருக்கலாம். அது அந்தந்தக் குடும்பத்தின் தீர்மானம். ஆனால் போகிறவர் ஏமாறக் கூடாது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

அன்பான தோழிகளே, உயர்தரம் வரை படித்த நமக்கு ஓர் ஒப்பந்தத்தை வாசிக்க முடியும். சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எத்தனை, ஓய்வு எப்போது, திரும்பி வரும் பயணச் செலவு யாருடையது என்று நான்கு கேள்விகளை வெளிநாடு செல்லும் அயலவருக்காக நாம் கேட்டுக் கொடுத்தால், அந்தப் படிப்பு பரீட்சை மண்டபத்துக்கு வெளியேயும் பயன்படும். பெற்றோரே, முற்பணம் கேட்கும் முகவரிடம் முதலில் அரச அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். நகை அதன்பிறகும் பெட்டியிலேயே இருக்கட்டும்.