படிக்கட்டு இல்லாத லீக்

பெசன்ட் நகர் கடற்கரையில் ஊரூர் குப்பம் பக்கமாக மாலையில் நடந்தால் மணலில் பந்தாடும் பையன்களைப் பார்க்கலாம். செருப்புதான் கோல்போஸ்ட். யாராவது ஒருவன் சாயம் போன நீல ஜெர்சி போட்டிருப்பான்: சென்னையின் எஃப்சி. நீலம் என்றாலே நமக்கு வேறு நினைவு வரும். அவனுக்கு அது அணியின் நிறம், அவ்வளவுதான்.

போன 2025 ஆகஸ்டில் அவர்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணா, டீமை மூடிட்டாங்களாமே?"

மூடவில்லை, தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடினான். நான் முனைவர் பட்டத்துக்காகப் பஞ்சமர் பள்ளிகளின் வரலாற்றைப் படிப்பவன். ஆவணங்களோடு வாதாடிப் பழக்கம். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஆவணம் எதுவும் இல்லை.

நடந்தது இதுதான். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ரிலையன்ஸ் தரப்போடு 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 700 கோடி ரூபாய். அதன் பேரில்தான் 2014ல் ஐஎஸ்எல் பிறந்தது. ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது, புதுப்பிப்பு இழுபறியில் இருக்கிறது என்று சொல்லி ஜூலையில் அடுத்த சீசனை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரு நகரத்தின் அணி அந்த நகரத்துக்குத் தெரியாத ஒரு காகிதத்தின் கடைசித் தேதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த அணியை நான் 2014லிருந்து பார்க்கிறேன், ரசிகன்தான். அபிஷேக் பச்சன், தோனி, விதா தானி ஆகியோரின் அணி. பெயரிலேயே 'சென்னையின்' என்று ஓர் உடைமை இருக்கிறது. சின்னத்தில் திருஷ்டி பொம்மை. (பெரியார் வாழ்ந்த ஊரில் கண்ணேறு படாமலிருக்க ஓர் ஏற்பாடு. சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம்.) மெட்டராசி ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்த முதல் சீசனில் பட்டியலில் முதலிடம், அரையிறுதியில் கேரளாவிடம் தோல்வி. 2015ல் பாதி சீசன் தாண்டியும் அடிமட்டம். பிறகு டிசம்பர் வெள்ளத்தில் நகரமே மூழ்கியபோது, சொந்த மண்ணில் ஆடவேண்டிய அரையிறுதியை புனேயில் ஆடி ஜெயித்தார்கள். கோவாவில் இறுதிப்போட்டி. 90ஆவது நிமிடம் நெருங்கும்வரை 1-2 எனப் பின்தங்கியிருந்து, எதிரணி கோல்கீப்பரின் சேம்சைடு கோலும் கூடுதல் நேரத்தில் மெண்டோசாவின் கோலுமாக 3-2. வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்தும் சேறு வடியாத நாட்கள் அவை. அந்த இரவை யார் வந்து விமர்சித்தாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2018 மார்ச் 17ல் பெங்களூருவில் இரண்டாவது கோப்பை. அந்த சீசனில் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவன் நேரு ஸ்டேடியத்தில் இந்த நகரத்தின் பெயரை மார்பில் போட்டுக்கொண்டு ஆடியபோது, வடசென்னையில் எத்தனை வீடுகளில் டிவி ஓடியிருக்கும்!

அடுத்த சீசன் பத்து அணிகளில் பத்தாவது. 18 ஆட்டத்தில் 9 புள்ளி. 2020ல் மறுபடி இறுதிப்போட்டிவரை போய் கொல்கத்தாவிடம் தோற்றார்கள், கொரோனாவால் காலி ஸ்டேடியத்தில். பிறகு எட்டு, எட்டு, எட்டு. ஒருமுறை ஆறு. 2024-25ல் பதினொன்று.

அந்தப் பத்தாவது இடத்துக்குத் திரும்பி வருவோம், ஏனென்றால் கதை அங்கேதான் இருக்கிறது. சென்னையின் எஃப்சி கடைசியில் கிடந்த அதே 2018-19ல், கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் சாம்பியன் ஆனது. மார்ச் 9ல் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தியது. மே மாதம் சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுக்கு இரண்டு தேசியப் பட்டங்கள். இரண்டும் ஐஎஸ்எல்லுக்கு வெளியே. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே ஏற வழியில்லை, ஐஎஸ்எல்லில் கடைசி அணிக்குக் கீழே இறங்கும் பயமில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஐஎஸ்எல்லே நாட்டின் முதல் லீக் என்று முடிவானது. சில ஆண்டுகளில் சென்னை சிட்டி தேசிய லீக்கிலிருந்தே காணாமல் போனது. அதற்கு அவர்களின் சொந்தக் குளறுபடிகளும் காரணம், மறுக்கவில்லை.

1920ல் 'மூக்நாயக்' முதல் இதழில் அம்பேத்கர், சாதிச் சமூகத்தைப் படிக்கட்டே இல்லாத பல மாடிக் கோபுரம் என்று விளக்கினார். எந்த மாடியில் பிறந்தாயோ அங்கேயே சாகவேண்டியதுதான். கால்பந்து லீக்கும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது கொச்சைப்படுத்துவது. ஆனால் திறமையால் ஏற முடியாத, தோல்வியால் இறங்கவேண்டாத ஒரு அமைப்பை "தொழில்முறை" என்று பெயர் வைத்து இவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டோமே, அந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

இந்த மூடிய அமைப்பு அமெரிக்க ஃபுட்பாலின் பாணி. அங்கே 32 அணிகள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வீரர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். பெரும்பங்கு உரிமையாளராக ஒரு கறுப்பர்கூட இல்லை. 2016ல் தேசியகீதத்தின்போது மண்டியிட்ட காலின் கேப்பர்னிக்கை அடுத்த ஆண்டு முதல் எந்த அணியும் எடுக்கவில்லை. ஆனால் அதே லீக் 1936லிருந்து ஒன்று செய்கிறது: போன சீசனில் கடைசியில் வந்த அணிதான் புது வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும். பின்தங்கியவனுக்கு முதல் வாய்ப்பு. முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் இதனால் 'மெரிட்' கெட்டுப்போனதாக யாரும் ஒப்பாரி வைப்பதில்லை, போட்டி சுவாரசியமாகிறது என்கிறார்கள். நம் ஊரில் இடஒதுக்கீடு என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் ஞாயிறு இரவு கண்விழித்து அந்த ஆட்டங்களைப் பார்க்கிறார்கள்.

ஐஎஸ்எல் அங்கிருந்து கதவைப் பூட்டுவதைக் கற்றுக்கொண்டது. உள்ளூர் வீரர்களுக்கான டிராஃப்ட் முறையை 2017க்குப் பிறகு கைவிட்டது. 2023லிருந்து ஐ-லீக் சாம்பியனுக்குக் கதவு திறந்திருக்கிறது, பஞ்சாபும் முகமதனும் ஏறி வந்தன. சென்னை சிட்டிக்கு அது நான்கு ஆண்டு தாமதம்.

மிசோரம், மணிப்பூர் பிள்ளைகள் நம் அணியில் ஆடுவதில் எனக்குக் குறை இல்லை. ஜெஜே நம்மவர்தான், இன்று மிசோரமில் சட்டமன்ற உறுப்பினராக இருந்தாலும். என் கேள்வி வேறு. வடசென்னையின் நந்தகுமார் சேகர் ஏன் ஒடிசாவிலும் கொல்கத்தாவிலும் பெயர் வாங்கவேண்டியிருந்தது? 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரான அவரது ஒற்றை கோலுக்காக ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அழுதார்கள். நாம் அதை போனில் பார்த்தோம்.

பிள்ளைகள் ஆட இடம் வேண்டும், முதலில் அதுதான். லீக் நின்றுபோன அதே கோடையில் சென்னை மாநகராட்சி 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. பத்துப் பேர் இரண்டு மணிநேரம் ஆடினால் 2,400 ரூபாய். எதிர்ப்பு கிளம்பியதும் மேயர் பின்வாங்கினார். இந்த வெற்றியைக் கொடுத்தது தெருவும் கட்சிக்காரர்களும். எந்தக் கிளப்பும் ஓர் அறிக்கைகூட விட்டதாக என் கண்ணில் படவில்லை. 'மெரினா மச்சான்ஸ்' என்று அணிக்குச் செல்லப்பெயர். 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில் நொச்சிக்குப்பம் பெண்களின் மீன்கடைகளை அகற்றியபோது எந்த மச்சானும் வரவில்லை.

நான் உட்கார்ந்து எழுதும் இந்த ஊருக்கு அன்னி பெசன்ட் பெயர். பஞ்சமர் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைக்கக் கூடாது என்று 1909ல் எழுதியவர். குப்பத்துக்கும் பள்ளிக்கும் ஆல்காட் பெயர். 1894ல் அந்தப் பிள்ளைகளுக்காகவே பள்ளி திறந்தவர். இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஒரு சாலைதான். சாலையின் இந்தப் பக்கம் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் வலைபோட்ட டர்ஃப்கள், இரவிலும் விளக்கு எரியும். அந்தப் பக்கம் மணல்.

சென்னையின் எஃப்சிக்கு என் கோரிக்கை எளிது. ஆண்டுக்கு ஒருமுறை ஊரூர் குப்பத்திலும் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் கட்டணமில்லாத வெளிப்படையான தேர்வு நடத்துங்கள். யாரை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று பட்டியல் போடுங்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு பஸ் காசும் முட்டையும் கொடுங்கள். அந்தப் பையனுக்கு வயது பதின்மூன்று. இடதுகால் ஆட்டக்காரன். இன்னும் இரண்டு ஆண்டில் அப்பாவோடு படகில் ஏறிவிடுவான்.